விரலைத் தூக்கினால் கெட்டிமேளம்

திண்டிவனத்தில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யுத்த காலத்தில் ஒருநாள் எங்கள் வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை, அதைச் சென்னைப் பள்ளிக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். இந்த ஊரில் இது யாருக்கு வேண்டும் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு கச்சேரி வைக்கிறேன், ஊர் வந்து கேட்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று சவால் விட்டேன். அவரும் சரியென்றார்.

அலமாரியைக் குடைந்ததில் ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கு முன்னால், பரோக் காலத்தில், டிரம்பெட்டை முன்னே வைத்து எழுதிய கான்செர்ட்டோ ஒன்று கிடைத்தது. மொத்தம் மூன்று பகுதி. ஒரு கோஷ்டியே வாசிக்க வேண்டியதையெல்லாம் பியானோவுக்குள் திணித்து, இரண்டே பேர் போதும்படி யாரோ மாற்றி எழுதியிருந்தார்கள். டிரம்பெட்டுக்கு ஆள் தேடி விழுப்புரம் போனேன். அங்கே ரயில்வேயில் பிட்டராக இருந்தவர் ஒருவர், ஒரு காலத்தில் பட்டாளத்து பேண்டில் ஊதியவர். நோட்டுப் பார்த்து வாசிப்பார். முகூர்த்த நாளென்றால் கல்யாண வீடுகளில்தான் இருப்பார். என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமைதோறும் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்குவார்.

வேகமான முதல் பகுதியை மாப்பிள்ளை ஊர்வலம் போலப் பிய்த்து உதறினார். சண்டை வந்தது மெதுவான இரண்டாம் பகுதியில்தான். இதை எழுதிய காலத்து டிரம்பெட்டில் எல்லாச் சுரமும் வராது. அதனால் அங்கே டிரம்பெட்டுக்கு வேலையே கிடையாது, பியானோ மட்டும்தான். இதை அவரால் தாங்க முடியவில்லை.

“டீச்சரம்மா, கையக் கட்டிக்கினு சும்மா நின்னா, இவன் மறந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களாங்க?”

சொன்னால் சொல்லட்டும், நில்லுங்கள் என்று கத்தினேன். அப்போது என் வாய் அப்படி.

கச்சேரியன்று கூடம் நிறைந்துவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். முதல் பகுதி ஜோராக முடிந்தது. இரண்டாம் பகுதியில் அவர் நெளிந்தார், வேர்த்தார், ஊதுவதற்கு டிரம்பெட்டை வாயருகே கொண்டுபோனார். ஒரு கையால் வாசித்துக்கொண்டே, பொறுங்கள் என்று அவரைப் பார்த்து ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினேன்.

கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில்தான் அப்படி விரலை ஆட்டுவார்கள். கெட்டிமேளம் என்று அர்த்தம். வருடக்கணக்காக அந்த விரலைப் பார்த்து ஊதியவர் யோசிக்கவா போகிறார்? மூச்சைப் பிடித்து உச்சத்தில் ஒரே ஊது. கூடத்தில் பாதிப்பேர் கூரை பிய்த்துக்கொண்டதோ என்று மேலே பார்த்தார்கள். மீதிப்பேர் கை தட்டினார்கள். ஓர் அம்மா கல்யாணப் பழக்கத்தில், அட்சதை போடுவது போல, தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிய்த்துப் பியானோ மேல் போட்டார். நான் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கட்டைகளின் மேலேயே கவிழ்ந்து சிரித்தேன். தலைமை ஆசிரியையும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் பகுதியை நாங்கள் வாசித்தது போல யாரும் வாசித்திருக்க முடியாது. அவ்வளவு சந்தோஷம்.

முடிந்ததும் தலைமை ஆசிரியை மேடைக்கு வந்தார். ஊர் கேட்கிறது, ஒப்புக்கொள்கிறேன், பியானோ இங்கேயே இருக்கட்டும் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். அப்போது கனகாம்பரம் போட்ட அம்மா பக்கத்தில் வந்தார். கெடார் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து களையெடுக்கப் போகிறவர். மகள் எங்கள் பள்ளியில் மூன்று வருடமாகப் படித்துவந்தாள்.

“இத எங்க பொண்ணுங்களும் தொடலாங்களா டீச்சர்?”

பிள்ளைகள் கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று அத்தனை வருடமும் மூடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தவள் நான்தான். என் அம்மாவும் களையெடுத்தவள்தான்.

“தொடலாம்மா” என்றேன். அவர் அந்த இடத்திலேயே முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, முதலில் தானே ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார்.