அம்மா வெட்டிய பூசணிக்காய்

அந்த நவம்பரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அலுப்பு. அப்பா வேலை செய்த ரெஸ்ரோரன்டில் ஹாலோவீனுக்கு அலங்காரமாக வைத்த முழுப் பூசணிக்காய் ஒன்றை முதலாளி அவர் தலையில் கட்டிவிட்டார். அப்பாவும் அதை மெத்ரோவில் மடியில் வைத்து நாங்கள் இருந்த லா சப்பலுக்குக் கொண்டுவந்து, சமைக்கிற குசினியின் ஜன்னலடியில் இறக்கியதோடு சரி. வெட்டித் தரச் சொன்னால், "நாளைக்குப் பாப்பம்," என்பார். கண் அரைவாசி மூடியிருக்கும்.

"நீங்களே வெட்டுங்கோவன் அம்மா," என்றேன்.

"பொம்பிளையள் முழுப் பூசணிக்காயிலை முதல் கத்தி வைக்கிறேல்லை. அதுவும் இப்ப நான் வெட்டவே கூடாது. அப்பா வெட்டட்டும்."

"பூர்க்குவா?" ஏன் என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"கேள்வி கேக்காமல் போய்ப் படி."

எனக்கு எட்டு வயது. வகுப்பில் நடுவதற்கு விதை கொண்டுவருவதாக மேத்ரெஸிடம், அதுதான் ரீச்சரிடம், பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதோடு பூசணியைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா? அது மரக்கறி இல்லை, பழம், பூவையும் சாப்பிடலாம், விதையை வறுத்துக் கொறிக்கலாம், காம்பு முறியாவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கெடாது என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன்.

"அப்ப என்ன அவசரம், கிடக்கட்டும்," என்று அம்மா கதிரையில் சாய்ந்தார். அந்த நாட்களில் அடிக்கடி அப்படிச் சாய்வார்.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றார். அதிசயம்! அம்மாவுக்கு வயிற்றுக்குத்து, ஆஸ்பத்திரியில் என்றார். இரண்டு நாளில் அம்மா வந்துவிட்டார்.

மறுநாள் அம்மா பூசணிக்காயைத் தூக்கி மேசையில் வைத்துக் கத்தியை எடுத்தார்.

"தாரும், நான் வெட்டுறன்," என்று அப்பா கையை நீட்டினார்.

"விடுங்கோ. இனி ஆர் வெட்டினா என்ன."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. விதைகளைக் கழுவிக் கடதாசியில் பரப்பினேன். அம்மா தோலோடு வெட்டி, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தார்.

"இவ்வளவு நாளும் சும்மா பயந்தனீங்கள் அம்மா. நீங்கள் வெட்டி ஒண்டும் நடக்கேல்லைத்தானே!" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா. அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து ஜன்னலடிக்குப் போனார்.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் முழுப் பூசணிக்காயை வெட்டக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அம்மாவின் வயிற்றில் பிள்ளை இருந்ததையுந்தான். கறி நல்ல ருசி. இன்னொரு அகப்பை கேட்டேன்.