தறிகள் நின்றபோது

ரேடியோவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. காலையில் அவள் காதில் விழுந்த சேதி மதியத்துக்குள் பன்னிரண்டு தறிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆள் கிடைக்காமல் அவளிடம் போயா மகள் வாய் திறக்க வேண்டும்? தாய்க்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? பதினைந்து வயது மகள் பெற்றவளிடம் பேசி ஐந்து மாதமாகிறது. மேல்மாடியிலிருந்த வீட்டுச் சொந்தக்காரன் பிள்ளையைப் பலாத்காரம் செய்த அந்த வாரமே தாய் அந்த வாடகை வீட்டைக் காலி செய்தாள். கேட்டவர்களிடம் தண்ணீர் சரியாக வரவில்லை என்றாள். மகளைத் தனியே விட மனமில்லாமல் தறிக்கூடத்துக்குக் கூட்டிவந்து, இடம் இருந்த ஒரே மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். அது ரேடியோவின் தறிக்குப் பக்கத்து மூலை.

தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார்கள். ஒரு நாள் மகளின் உதடு அசைந்தது. "அத்தை, நூல் அறுந்துருச்சு."

நூலாம்! வீட்டில் சோறு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறவள்!

அதற்குப் பிறகு தினமும் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டே கிடந்தன. மகள் எப்போதும் முதுகைத்தான் காட்டினாள். தாய் பார்த்துப் பார்த்தே தன் தறியில் நாலு முறை நூலை அறுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்.

"ஏய் ரேடியோ, அப்படி என்னதான்டி பேசுறா உங்கிட்ட?"

"அத அவகிட்டயே கேளு."

பிறந்ததிலிருந்து ஒரு ரகசியத்தையும் காப்பாற்றாத வாய், தன் பிள்ளையின் ரகசியத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் மகள் தாயின் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணீரோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். தாய் உதட்டைப் படித்தாள். அன்னைக்கே அம்மாகிட்ட ஓடினேன், அத்தை.

அந்த நொடி கரண்ட் போனது. பன்னிரண்டு தறியும் நின்றன. தறிக்கூடத்தில் கத்திப் பழகியவர்களுக்குச் சத்தம் நின்ற பிறகும் வாய் உடனே அடங்காது.

"மெதுவாப் பேசுடி, மேல கேக்கும்னு என் வாயப் பொத்துனாங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். மகள் பேயறைந்தது போல உட்கார்ந்தாள்.

தாயின் நாக்கில் மறுபடியும் அதே 'மெதுவா' வந்து நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினாள். எழுந்தாள்.

"ஆமா, பொத்துனேன். தப்புதான் கண்ணு. நீ சத்தமாவே சொல்லு. போலீசுக்கும் கூட்டிட்டுப் போறேன். அங்கயும் சத்தமாச் சொல்லு."

மகள் அவளைப் பார்க்கவே இல்லை. ரேடியோவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரேடியோவைப் பார்த்துத்தான் சொல்ல ஆரம்பித்தாள். பாழாய்ப்போன வயிறு அப்போதும் எரிந்தது.

பாதியில் கரண்ட் வந்து பல்ப் எரிந்தது. வழக்கம்போல மேஸ்திரி தறிகளின் மெயின் சுவிட்சைப் போட நடந்தார். தாய் ஓடிப்போய்ச் சுவிட்சை முதுகால் மறைத்து நின்றாள்.

"எம் பொண்ணு பேசிட்டிருக்கா. முடிக்கட்டும்ண்ணே."