ஒக், ஆமாம், அவுனு

தென்பிரான்சின் ஒக்சிதான் மொழிக்கு, "ஆம்" எனப் பொருள்படும் "ஒக்" என்ற சொல்லே பெயர் தந்தது. "இது" என்பதற்கான லத்தீன் சொல்லொன்று தெற்கே "ஒக்" எனத் தேய்ந்தது. வடக்கே வேறொரு சொல்லோடு ஒட்டி "ஒயில்" ஆகி, பின்னர் பிரெஞ்சின் "உய்" ஆயிற்று. ரோமானியர் விட்டுச்சென்ற பேச்சு லத்தீனை வடக்கு பெரிதும் மாற்றிக்கொண்டது. தெற்கு அதன் பழைய அகரத்தைப் பல சொற்களில் காத்து, தன்வழியே வளர்ந்தது. ஆகவே ஒக்சிதான் பிரெஞ்சின் சிதைவன்று, உடன்பிறப்பு. பிற்காலத்தார் சிதைவென்றே ஏளனம் செய்தனர். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அத்தையின் நினைவு வந்தது.

மலேசியாவின் குருணில், அப்பா வீட்டார் தமிழர். அம்மா தோட்டத்துத் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். ஜித்ராவிலிருந்த பெரியம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் "அவுனு, அவுனு" என்பார்.

"அது என்ன அவுனு கிவுனு? தமிழ ஒடைச்சிப் பேசாத லா. ஆமான்னு சொன்னா வாய் வலிக்குதா?" என்று அப்பாவின் அக்கா சிரிப்பார். அம்மா கொல்லைப்புறம் போய்ப் பேசலானார். பின்பு அதையும் விட்டார்.

நான் சிறுமியாயிருந்தபோது பெரியம்மா பக்கவாதத்தில் விழுந்தார். அவருக்குத் தமிழ் முழுவதும் மறந்து, தெலுங்கு மட்டும் எஞ்சியிருந்தது. மருத்துவமனையில் அத்தைதான் கஞ்சி ஊட்டினார்.

"போதாமா?" என்றார் பெரியம்மா.

"பத்தலையாம். பாவம், நல்ல பசி." அத்தை அன்போடுதான் இன்னொரு கரண்டி ஊட்டினார். கஞ்சி கடைவாயில் வழிந்தது.

பெரியம்மா அம்மாவைப் பார்த்து மறுபடியும் கேட்டார். "ஆமாக்கா," என்றார் அம்மா. பெரியம்மாவின் முகத்தில் அசைவே இல்லை. மீண்டும் அதே கேள்வி. அம்மா கரண்டியை வாங்கி வைத்துவிட்டுக் குனிந்தார்.

"அவுனு அக்கா. போதாம்."

பெரியம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அத்தை.

"வீட்டுக்குப் போலாமான்னு கேக்குறாங்க, அண்ணி. போலாம்னு சொன்னேன்."

அத்தை கிண்ணத்தை மூடினார்.

எனக்கோ பெரியம்மா எங்கே படுப்பார் என்பதே கவலை. எங்கள் வீட்டில் அறைகள் இரண்டுதான். திரும்பும் வழியில் அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தார். என் கட்டிலைக் கேட்கத் தயங்கித்தான் அழுகிறார் என்று நினைத்தேன். நான் தரையில் படுத்துக்கொள்வேன் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.