காற்று போனதும் ஏறிய எண்

பட்டறையில் அவளுக்கு இம்மி அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக லேத் முன்னால் நிற்கிறாள். அவள் கடைந்தது எதுவும் இம்மி பிசகியதில்லை. அந்தப் பெயருக்குத்தான் புதன்கிழமை மதியம் ஆபத்து வந்தது.

வேலை ஒரு செம்புக் கூடு. உருண்டைக் கட்டி, நடுவில் வழவழவென்று ஒரு குழி. மூடியைப் போட்டு உள்ளே ரேடியோ அலையை விட்டால், குழியின் அகலத்துக்குத் தக்கபடி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பலமாக அதிரும். காதுக்குக் கேட்காது. அளவறைத் திரையில் ஒரு முனையாக எழுந்து நிற்கும். வரைபடத்தில் கேட்டிருந்தது மூவாயிரம் மெகாஹெர்ட்ஸ். குழி அகல அகல எண் இறங்கும். கொஞ்சம் கடை, அளந்து பார், மறுபடி கடை. தாண்டிவிட்டால் தீர்ந்தது, சீவிய செம்பை யாரால் ஒட்டவைக்க முடியும்?

மூவாயிரத்து ஒன்று வரை வந்துவிட்டாள். விட்டத்தில் இன்னும் இருபத்தைந்து மைக்ரான் எடுத்தால் போதும். உளியை நகர்த்தும் திருகு வளையத்தை, கோட்டுக்கு ஒரு மைக்ரான் கணக்கில், இருபத்தைந்து கோடு திருப்பினாள். பழைய லேத்தின் வளையம் விட்டத்தைக் காட்டும். போன மாதம் வந்த இந்தப் புதியது ஆரத்தைக் காட்டும்; ஆரத்தில் இருபத்தைந்து என்றால் விட்டத்தில் ஐம்பது. புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. இரண்டு மடங்கு சீவிவிட்டாள்.

அளவறையில் இருப்பவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் உப்பில் குறை கண்டுபிடிப்பவள், இங்கே மைக்ரானில்.

“ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. என்ன அண்ணி, இன்னிக்குக் கை ரொம்பத் தாராளம்?”

மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

“இந்த ரகச் செம்பு வேற கட்டி இல்லம்மா. இது போச்சுன்னா, நீங்க மறுபடி அந்தப் பழைய முரட்டு வேலை லேத்துக்கே போயிடுங்க.”

“எதுக்கும் இன்னொரு தடவை துடைச்சுப் பார்ப்போம்,” என்றாள் நாத்தனார். ஸ்பிரிட் வாடைக்காக ஜன்னலைத் திறந்தாள். வெளியே நல்ல மழை. துடைத்து, மூடியைப் போட்டு, அளந்தாள். எண் இன்னும் ஒரு மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது.

“நான்தான் தொடவே இல்லையே. எப்படி இறங்கிச்சு?”

“ஈரக்காத்து உள்ளே போயிருக்கு அண்ணி. காத்துக்குள்ள அலை கொஞ்சம் மெதுவாத்தான் போகும், அதுல ஈரமும் சேர்ந்தா இன்னும் மெதுவா. அதான் எண் இறங்குது.”

“அப்ப காத்தே இல்லேன்னா?”

“ஏறும்...” நாத்தனார் பாதியில் நிறுத்தினாள்.

“இந்தக் கூட்டைக் காத்தோடவா ஓட்டப்போறாங்க?” என்றாள் அக்கா.

இதுவரை இங்கே கடைந்த கூடுகளெல்லாம் காற்றோடு வேலை செய்பவை. அளந்த எண்தான் எண். இதில் மட்டும் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். மேற்பார்வையாளர் படத்தைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கீழ் மூலைக்கு மூக்கைக் கொண்டுபோனார். எறும்பெழுத்தில் இருந்தது: வெற்றிடத்தில்.

“பம்பை மாட்டு,” என்றார்.

பம்பு உறுமத் தொடங்கியது. திரையில் முனை கொஞ்சம் யோசித்தது. பிறகு வலப்பக்கம் ஊர்ந்தது.

“தொண்ணூத்தொம்பது புள்ளி ரெண்டு,” என்றாள் நாத்தனார். “நாலு. அண்ணி, நகத்தைக் கடிக்காதீங்க. ஆறு. எட்டு...”

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதில் நின்று, மனசில்லாமல் மனசில்லாமல் இன்னும் ஒரு அடி வைத்தது முனை.

“மூவாயிரம்.” இந்தத் தடவை நாத்தனார் ரகசியம்போலச் சொன்னாள்.

கால் மணி நேரம் மூவரும் காவல் இருந்தார்கள். எண் அசையவில்லை. அளவாகச் சீவியிருந்தால் இப்போது மூவாயிரத்து ஒன்றில் நின்றிருக்கும்.

“பார்த்தீங்களா, எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் மேற்பார்வையாளர்.

“எனக்குத் தெரியாது சார்,” என்றாள் அக்கா. “வளையத்தைத் தப்பாத் திருப்பிட்டேன். ரெண்டு மடங்கு சீவிட்டேன்.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். “அந்தப் புது லேத்துலயே இருங்க,” என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டினார்.

“தப்பு பண்ணாலும் இம்மி பிசகாமப் பண்றாங்க எங்க அண்ணி,” என்றாள் நாத்தனார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடு பட்டறைக்கு ஓடினாள். சாக்பீஸை எடுத்து, திருகு வளையத்துக்கு மேலே, கைக்குப் புரியும்படி பெரிதாக எழுதினாள்: பாதி.