இரண்டாவது கம்பி

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாவுக்குக் கம்பி வேலை. ஆற்றோரத்துப் பவர் ஹவுஸிலிருந்து பேக்டரிக்குக் கரண்டு கொண்டுவரும் கம்பியை அவர்தான் பார்த்துக்கொண்டார். அந்தக் கம்பி கற்பூர மரக்காட்டுக்குள் வந்தது. ஆடி மாதக் காற்றில் ஏதாவது ஒரு மரம் அதன்மேல் சாயும், பேக்டரி நின்றுபோகும், குவிந்து கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்து வீணாகும். அம்மாவும் மற்றப் பெண்களும் மழையில் நனைந்து பறித்ததைக் கூடை கூடையாக ஓடையில் கொட்டுவார்கள்.

அதனால் தோட்டத்து மேனேஜர் துரை, மரமே இல்லாத புல்மேட்டு வழியாக இன்னொரு கம்பி இழுக்க வைத்தார். ஒன்று அறுந்தாலும் மற்றொன்றில் கரண்டு வந்துவிடுமாம். முதல் கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். தோட்டமே சந்தோஷப்பட்டது. அம்மாவுக்கு மட்டும் அன்றிலிருந்து அப்பாவோடு சண்டை.

“முந்தியெல்லாம் அறுந்தா பவர் ஹவுஸ்ல நிறுத்திருவாக, அது செத்துக் கெடக்கும். நீங்க பயமில்லாம ஏறுவீக. இனிமே புதுக் கம்பியில வர்ற கரண்டு பேக்டரி வழியாத் திரும்பி அதுக்குள்ள வந்துருச்சுன்னா?”

“அதுக்குத்தான் பேக்டரியில கம்பிக்கு ஒண்ணா ரெண்டு கைப்பிடி வச்சிருக்கு. பழைய கைப்பிடிய எறக்கிட்டுத்தான் புதுசப் போடணும். தம்பி பாத்துக்கிடுவான்” என்றார் அப்பா.

அந்தத் தம்பி, என் சித்தப்பா, பேக்டரியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். செத்துக் கிடப்பது திரும்பி வருவதைப் பற்றி அம்மா பேசியதால், ஏதோ பேய்க் கதை என்று நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம், காற்று பலக்கவே பறிப்புப் பெண்களைக் கங்காணி லயத்து வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். அம்மா வீடு வந்த சற்று நேரத்தில் காட்டுக்குள் மரம் முறிகிற சத்தம் கேட்டது. பேக்டரியின் இரைச்சல் அடங்கியது. அப்பா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

அம்மா வாசலில் நின்று, கீழே தெரிந்த பேக்டரி முகப்பு விளக்கையே பார்த்தாள். விளக்கு எரிய வேண்டும் என்று நான் முருகனை வேண்டினேன். அம்மாவின் உதடுகளும் அசைந்தன. இருவரும் ஒன்றையேதான் கேட்கிறோம் என்று நினைத்தேன்.

விளக்கு எரிந்தது.

“யம்மா, கரண்டு வந்துருச்சு!” என்று கைதட்டிக் குதித்தேன். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை. நான் அழத் தொடங்குமுன் அம்மா சரிவில் ஓடிக்கொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பேக்டரியில் சித்தப்பா முகம் வெளிறி நின்றார்.

“அவுக வந்துட்டாகளாய்யா?”

“இல்ல மதினி. துரை பக்கத்துல நின்னு சத்தம் போட்டாரு. புதுக் கைப்பிடியப் போட்டுட்டேன்.”

“பழசை எறக்குனியா?”

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். இரண்டு கைப்பிடிகளும் மேலேயே இருந்தன. பாய்ந்து பழையதை இழுத்து இறக்கினார்.

அம்மா அவரைத் திட்டவில்லை. காட்டுப் பாதையில் ஏறினாள். மூடுபனியில் அவள் முந்தானைதான் எனக்கு வழி. “ஏங்க, ஏங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒரு வளைவில் அவள் சட்டென்று நிற்க, நான் அவள்மேல் மோதினேன். எதிரே அப்பா, சேறு அப்பிய காலோடு வந்துகொண்டிருந்தார்.

“ஏளா, என்ன இது, மழையில பிள்ளையையும் இழுத்துக்கிட்டு?”

அம்மா அவர் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

“தொரை அதட்டினா தம்பி பதறிருவான்னு தோணுச்சு. அதான் பேக்டரி வாசல் கம்பத்துலயே பழைய கம்பியக் கழட்டி விட்டுட்டுப் போனேன்” என்றார் அப்பா.

அன்று ஒரு கூடைக் கொழுந்துகூட வீணாகவில்லை. புதுக் கம்பியை மெச்சி, துரை எல்லோருக்கும் சர்க்கரை போட்ட தேநீர் கொடுக்கச் சொன்னார். அம்மா வாங்கிய டம்ளரை வாயில் வைக்காமலே திண்ணையில் வைத்துவிட்டாள். அவளுக்கு இனிப்புப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று, அதை எடுத்து நானே குடித்தேன்.