மூன்றாம் முறை உடைந்த பல்

கொளஞ்சி டப்பாவைத் திறந்தார். அதே கட்டுப்பல், மூன்றாவது முறையாக அதே மூலையில் உடைந்திருந்தது. கூடவே டாக்டர் தேவசகாயத்தின் சீட்டு: "மேல்வரிசை முன்பல். ஆண், 38. இதுவும் நிற்காவிட்டால் இனி என் வேலைகளைச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிடுவேன்."

அது எழுபத்தொன்றாம் வருஷம். பீங்கான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொளஞ்சி பல் செய்ய உட்கார்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு வேலை கொடுக்கும் ஒரே டாக்டர் ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தார். இருவரும் நேரில் பேசியது ஒரு தடவைதான். மற்றதெல்லாம் பிளாஸ்டர் அச்சும் சீட்டும். கண்டக்டர் பாவாடை பஸ்ஸில் கொண்டுவருவார், கொண்டுபோவார்.

இப்போதும் பாவாடை வாசலில் நின்றார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. ரோட்டில் தூசியாம்.

"யாருங்க இந்த ஆளு?" என்றார் கொளஞ்சி. "பல்லுல என்னாத்த கடிக்கிறான், தண்டவாளத்தையா? நான் சுட்ட பீங்கான்மேல லாரி ஏறினாலும் ஒடையாது."

பாவாடை பஸ்ஸைப் பார்த்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கனகா, "வாயே பாக்காம பல்லு செய்யிற ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தருதான்" என்றாள்.

"வரச்சொல்லு அவன. மிச்ச பல்லையும் தட்டி வுட்டுடறேன்."

"வந்துதாங்க நிக்கிறேன்" என்று பாவாடை துண்டை இறக்கினார். மேல்வரிசையில் ஜன்னல் திறந்திருந்தது.

கனகா சிரித்தாள். கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்க?"

"மொத தடவையே அந்தாள எருமன்னு திட்டுனீங்க. அப்பறம் எப்பிடிங்க சொல்றது?"

"சரி, என்னாதான் கடிக்கிறீங்க?"

பாவாடை சட்டைப்பையிலிருந்து பித்தளை விசிலை எடுத்தார். இரண்டு கையும் டிக்கெட்டுக்கும் பைக்குமே சரியாகிவிடும். நாள் முழுக்க விசில் பல்லில்தான் இருக்கும். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பித்தளை பீங்கானை இடித்திருக்கிறது. அவர் கண்டக்டர் என்று டாக்டருக்குத் தெரியும். எழுதத் தோன்றவில்லை.

கொளஞ்சி மெழுகை இளக்கி, விசிலோடு சேர்த்தே பாவாடையைக் கடிக்க வைத்தார். வெளியே டிரைவர் ஆரன் அடித்தார். இரு என்று சொல்ல பாவாடை வாயைத் திறக்கப் பார்த்தார். விசில்தான் வந்தது, இரண்டு தடவை. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

பாவாடை கடித்த மெழுகோடு பின்னால் ஓடினார். மெழுகுக்காக அவர் பின்னால் கொளஞ்சி ஓடினார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஒருவருக்கு பஸ்ஸும் ஒருவருக்கு மெழுகும் கிடைத்தன.

மறுநாள் காலை பஸ்ஸில் புதுப் பல் போனது. கொளஞ்சி சீட்டு வைத்திருந்தார்: "விசிலோடு அளவெடுத்து, விசில் உட்காரும் இடத்தில் பள்ளம் விட்டிருக்கிறேன். இனி ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று எழுதவும்." டாக்டர் பல்லை மாட்டினார். அதன்பின் பாவாடை மூன்று டிரிப் போனார். பல் நின்றது. சாயங்கால பஸ்ஸில் இரண்டு அச்சுகள் வந்தன. ஒரு சீட்டில் பள்ளிக்கூட வாத்தியார் என்று இருந்தது. இன்னொன்றில், பெண், 52, பூக்கட்டுபவர், நூலைப் பல்லால் அறுப்பவர். சிதம்பரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.