மயிலைப் பசு சொன்ன சாட்சி

ணங்ங்ங்...

அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. மயிலைப் பசு விட்ட உதையில் என் பித்தளைச் செம்பு கிளம்பி, மேற்கு மலையைத் தாண்டி, மலையாளத்து ராஜா மடியில் போய் விழுந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்... கொஞ்சம்தான்.

வெள்ளைக்காரன் காலம். ஜெயமங்கலத்தில் எங்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தாள். என் வீட்டுக்காரி சின்னத்தாயிக்குப் பால் பற்றவில்லை. பிள்ளை அழுத அழுகையில் வைகையே கரை புரண்டது. பசு வாங்கத் தேனிச் சந்தைக்கு ஓடினேன்.

கன்றோடு நின்ற சாம்பல் நிற மயிலைப் பசுவைக் காட்டி, "கன்னு இது போட்டதுதானா?" என்றேன்.

"எங்காத்தா மேல சத்தியம் மாப்ள! கன்னை முட்டவிட்டா மடி தானா சுரக்கும்" என்றார் மாட்டுத் தரகர்.

வீட்டுக்கு வந்ததும் பசு கன்றையும் உதைத்தது, என்னையும் உதைத்தது. அடுத்த சந்தையில் விசாரித்தால்... அது கன்றைப் பறிகொடுத்த பசு. இது தாயைப் பறிகொடுத்த கன்று. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, ஒரு பொய்யை விற்றிருக்கிறார் மனுசன்.

விடுவேனா? பெரியகுளம் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். பசுவை எடுத்துக்கொள், பணத்தைக் கொடு!

"ரெண்டையும் ஓட்டிட்டு வாங்க. ஜட்ஜ் முன்னால ஒரே ஒரு உதை போதும், செயிச்சோம்" என்றார் வக்கீல்.

வாய்தா மேல் வாய்தா. சின்னத்தாயியோ தினமும் கன்றின் முதுகில் உப்புத் தண்ணீரைத் தடவி, பசுவின் மூஞ்சிக்கு நேரே நிறுத்தினாள்.

"கேஸ் நடக்கையில இது என்னடி கூத்து?"

"உங்க கோர்ட்டு வந்து பிள்ளைக்குப் பால் குடுக்குமாக்கும்?"

பசு உப்பை நக்கும். கன்று மடியில் வாய் வைத்தால் உதைக்கும்.

விசாரணை நாள். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் பசு, கன்று, சாட்சிக்கு நசுங்கிய செம்போடு நான், பிள்ளையோடு சின்னத்தாயி. ஜட்ஜ் இறங்கி வந்தார். பின்னாலேயே கறுப்புக் கோட்டுக் கூட்டம். கன்று மிரண்டு "ம்மா..." என்று கத்திப் பசுவின் வயிற்றடியில் புகுந்தது.

உதைடி என் தங்கமே, உதை!

பசு திரும்பியது. கன்றைத் தலையிலிருந்து வால் வரை நக்கியது. அன்றைக்கு உப்பு தடவவே இல்லை. மடியிலிருந்து பால் சொட்டியது.

"பாத்தீகளா சாமி! சொந்தக் கன்னு!" என்று குதித்தார் தரகர்.

"தோத்துட்டீகளா?" என்றாள் சின்னத்தாயி.

"தோத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. பிள்ளையப் பிடிங்க, செம்பை இங்கன குடுங்க." அங்கேயே உட்கார்ந்து கறந்தாள்.

இன்றைக்கு எனக்கு வயது ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், கொள்ளுப்பேத்தி போனில் ஒரு பட்டனை அமுக்குகிறாள். மறுநாளே வந்து எடுத்துப் போகிறார்கள். வாய்தா இல்லை, வக்கீல் இல்லை. நல்ல வசதிதான்.

அன்றைக்கு அந்தப் பட்டன் என்னிடம் இருந்திருந்தால்... முதல் உதையிலேயே அமுக்கியிருப்பேன்.